ஹென்றி பேர்க்: உறங்கிய சட்டத்தை வீதிக்குக் கொண்டுவந்தவர்

சட்டப் புத்தகத்தில் ஒரு விதி எழுதப்பட்டிருப்பதும் அது நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல. மிருகவதைத் தடுப்புச் சட்டமூலங்கள் பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் எமது நினைவுக்கு வருபவர், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் அத்தகைய சட்டமூலங்களுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஹென்றி பேர்க் ஆவார்.

1813 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி நியூயோர்க் நகரில் பிறந்த பேர்க், கப்பல் கட்டும் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவரின் மகன். கொலம்பியா கல்லூரியிற் சேர்ந்தும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1843 இல் தந்தை இறந்தபின் பிதுரார்ஜித சொத்தைக் கொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார், நாடகங்கள் எழுதினார், அவை எடுபடவில்லை. ஐம்பதாவது வயதுவரை அவருடைய வாழ்வில் வரலாறு குறித்துவைக்கத்தக்கது எதுவும் நிகழ்ந்துவிடவில்லை என்றே கூறவேண்டும்.

1863 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவரை ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரிலிருந்த தூதரகத்துக்குச் செயலாளராக அனுப்பினார். அங்கு வீதியில் குதிரையை அடித்து வதைத்த வண்டிக்காரன் ஒருவனை அவர் தடுத்து நிறுத்தியதாகவும், தூதரகத்து மனிதர் என்பதனால் அவன் அடங்கிப்போனதாகவும் சொல்லப்படுகிறது. வாயில்லா ஜீவனுக்காகப் பேச இரக்கம் மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார் போலும். மறு ஆண்டில் பதவியைத் துறந்தவர், நாடு திரும்பும் வழியில் இலண்டனில் தங்கி, 1824 முதல் இயங்கிவந்த மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் அமைப்பையும் செயல்முறையையும் ஆராய்ந்தறிந்தார்.

1866 பெப்ரவரி 8 ஆந் திகதி நியூயோர்க்கின் கிளின்ரன் மண்டபத்தில் நகரப் பிரமுகர்களைக் கூட்டி அவர் உரையாற்றினார். ஏப்ரல் 10 இல் மாநில சட்டவாக்க சபை, அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைக் கூட்டிணைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்பது நாட்களின் பின் மிருகவதைக்கு எதிரான சட்டமும் நிறைவேறியது.

இங்கு ஒரு விடயத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்த மாநிலத்தில் 1829 முதலே இவ்வாறானதொரு சட்டம் இருந்தது. குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றைக் கொடுமையாக அடிப்பது, அவை சொந்த மிருகங்களாயினும் குற்றமே என்று அது கூறியது. முப்பத்தேழு ஆண்டுகளாக அது ஏட்டில் உறங்கிக்கிடந்தது. அடிபட்ட குதிரை நீதிமன்றம் செல்லாது. அதன் சார்பில் செல்வதற்கு எவருக்கும் கடமை இருக்கவில்லை. பேர்க் செய்த பெரும் மாற்றம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புதிய சட்டம், செய்த கொடுமையோடு செய்யாமல் விட்ட பராமரிப்பையும் குற்றமாக்கியது. பெயர் குறித்த கால்நடைகளுடன் ஏனைய மிருகங்களையும் சேர்த்துக்கொண்டது.

ஏனைய மிருகங்கள் எவை? அவ்வாண்டிலேயே இக்கேள்வி எழுந்தது. புளோரிடாவிலிருந்து கப்பலொன்றில் கொண்டுவரப்பட்ட கடலாமைகள், துடுப்புகளில் துளையிட்டுக் கயிற்றால் பிணைக்கப்பட்டு மல்லாக்கக் கிடத்தப்பட்டிருந்தன. பேர்க் கப்பல் தலைவன் மீது வழக்குத் தொடர்ந்தார். ஆமை மிருகமாகாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது, வழக்குத் தள்ளுபடியானது. பத்திரிகைகள் அவரைக் கேலிச்சித்திரமாக்கி மகிழ்ந்தன. ஆயினும் 1867 இல் நிறைவேறிய அடுத்த சட்டத்தில் மிருகங்களின் பட்டியலுக்குப் பதிலாக உயிருள்ள எந்தப் பிராணியும் என்ற பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. அளவுக்கு மீறிச் சுமையேற்றுவதும், தீனி கொடாது பட்டினி போடுவதும், சேவற்சண்டை, நாய்ச்சண்டை நடத்துவதும் குற்றங்களாயின. சங்கத்தின் முகவர்கள் கைதுசெய்யும் அதிகாரம் பெற்றனர். தண்டப்பணம் சங்கத்துக்கே சேர்ந்தது.

எமது நாட்டில் பிரித்தானியர் இயற்றிய மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. நூறு ஆண்டுகள் கடந்து, ஒரு கோழியின் விலையே அதனை மிஞ்சிவிட்ட பின்னரும் அத்தொகை மாறாதிருந்தது. சட்டம் உறங்குவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

பேர்க் உறங்கவிடவில்லை. நெடிய, மெலிந்த உருவம், தலையில் உயர்ந்த தொப்பி, கையில் பிரம்பு. சனநெரிசலில் திணறும் குதிரை ட்ராம் வண்டிகளை நடுவீதியில் மறித்து, பயணிகளை இறக்கிவிட்டே வழிவிடுவார். 1872 இல் குதிரைகளிடையே காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற குதிரைகளைப் பூட்டிய வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். காயமுற்ற குதிரைகளை ஏற்றிச்செல்லும் அம்புலன்ஸ் வண்டியை அவரது சங்கம் 1867 இலேயே ஓட்டியது. இத்தனைக்கும் அவர் சம்பளம் பெறவில்லை.

1874 இல் வளர்ப்புத் தாயின் கொடுமைக்குள்ளான மேரி எலன் என்ற சிறுமிக்காக உதவி கேட்டு ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். மிருகங்களுக்கான சட்டத்தின்கீழ் அச்சிறுமி மீட்கப்பட்டாள் என்று இன்றும் எழுதுவோர் உளர், அது தவறு. பேர்க் தனிமனிதராகவே தலையிட்டார். சங்கத்தின் சட்டத்தரணி எல்பிரிட்ஜ் ஜெரி வழக்கை நடத்தினார். சிறுவர் வதைத் தடுப்புக்கென நியூயோர்க்கில் சங்கம் உருவானது அதனைத் தொடர்ந்தே.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எமது நோக்கமன்று. பிறர் நியாயத்தைக் கேட்கும் பொறுமை அவரிடம் குறைவு. மிருகங்கள் மீது சவுக்கு விழுவதைப் பொறாத அதே மனிதர், குற்றவாளிகளுக்குச் சவுக்கடி கொடுக்கவேண்டும் என்று வாதிட்டார். இந்த முரணை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அவர் வெல்லாத சட்டமூலமும் ஒன்றுண்டு. 1867 ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவக் கல்லூரிகளின் அதிகாரத்தின் கீழ் நடைபெறும் ஆய்வுகளுக்கு விலக்களித்திருந்தது. உயிருள்ள மிருகங்களை அறுத்துச் செய்யும் பரிசோதனைகளை அடியோடு தடைசெய்யும் சட்டமூலத்தை 1880 இல் அவர் சட்டவாக்க சபைக்குக் கொண்டுசென்றார். உடலியல் அறிஞர் ஜோன் டால்ற்றன் முதலான மருத்துவர்கள் அணிதிரண்டு எதிர்த்தனர். சட்டமூலம் தோற்றது, மீண்டும் கொண்டுவரப்பட்டது, மீண்டும் தோற்றது. வண்டிக்காரனுக்கும் கசாப்புக்கடைக்காரனுக்கும் எதிராகச் சட்டமியற்றத் தயங்காத சபை, மருத்துவப் பேராசிரியர்களின் முன் பின்வாங்கியது என்று சொல்லலாம். ஆனால் நோய்க்கு மருந்து காண்பதற்கு வேறு வழி என்ன என்று அவர்கள் எழுப்பிய கேள்விக்கு, முழுத்தடை கேட்ட பேர்க்கிடமும் விடை இருக்கவில்லை.

1888 மார்ச் 12 ஆந் திகதி, நியூயோர்க்கைப் பெரும் பனிப்புயல் மூடிய நாளில் அவர் காலமானார். அப்போது 38 மாநிலங்களில் 37 இல் மிருகவதைக்கு எதிரான சட்டங்கள் இருந்தன. அன்று ட்ராம் வண்டிகள் பனியில் புதைந்து வீதிகளிலேயே நின்றன. புரூக்ளினிலுள்ள கிறீன்வூட் மயானத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.