புனித தேவசகாயம்: துயரத்தினூடே மகிழ்ச்சி



ஜூபிலி மலருக்கு எந்தப் புனிதரின் வாழ்க்கையை எழுதலாம் என்று யோசித்தபோது, நம் தமிழ் மண்ணின் குடும்பஸ்தர் ஒருவரையே தேர்ந்துகொண்டோம். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்து, மாடு கன்று வைத்திருந்து, அரசு உத்தியோகம் பார்த்தவர்.

நீலகண்டன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஊழியத்தில் நல்ல நிலையில் இருந்தார். அப்படியிருக்கையில் வீட்டில் துன்பம் புகுந்தது. கால்நடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன, பயிரும் பொய்த்தது. முகம் வாடியிருந்தவரை அருகழைத்து விசாரித்தவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த தளபதி அவர், கத்தோலிக்கர். அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்.

யோபுவின் கதையை யாரும் சொல்லிவிடலாம். கேட்பவர் நெஞ்சில் அது இறங்குவதுதான் அரிது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கி வந்த அந்த நாளுக்குப் பின், இளங்குருவாயிருந்த நாம் இக்கரையோரக் குப்பம் ஒன்றில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்திக்கு யோபுவைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். அவர் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். குருமடத்தில் படித்ததெல்லாம் அன்று நமக்கு உதவவில்லை. டிலனாயோ நாடிழந்தவர், கைதியாய் நின்றவர். இழந்தவன் இழந்தவனிடம் பேசினான், அது இறங்கிற்று.

நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்பதன் பொருளான தேவசகாயம் என்னும் பெயரைப் பெற்றார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். இனி மாடும் வயலும் இரட்டிப்பாகத் திரும்பின என்று எழுத நமக்கும் ஆசைதான். நடந்ததோ வேறு. தாழ்த்தப்பட்டோரோடு சமமாகப் பழகியதும் விசுவாசத்தைத் துணிந்து அறிக்கையிட்டதும் பகையை வளர்த்தன. 1749-இல் அவரைக் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். மறுதலித்தால் உத்தியோகமும் மானமும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் மறுதலிக்கவில்லை.

பெருவிளையில் மரத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தபோதுதான் ஆச்சரியம் நிகழ்ந்தது. அனுதாபம் சொல்ல வந்தவர்கள் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள். கால்நடைகள் மடிந்த நாளில் முகம் வாடியிருந்தவர், எல்லாம் போன பின்பு மற்றவர்களைத் தேற்றினார். வேதனை குறைந்ததாலல்ல, புண் புண்ணாகவே இருந்தது. அந்த வேதனையில் தாம் தனியாக இல்லை என்று அறிந்திருந்தார். யோபுவின் நூலிலும் துன்பத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. ஆண்டவர் வந்து பேசினார், அவ்வளவே. கூட்டம் பெருகுவதைப் பொறாதவர்கள் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். அப்போது பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்னும் சாதிப் பட்டம் இல்லை. அதைக் கழற்ற நமக்குத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. கணவர் சங்கிலியில் கிடந்த நாட்களையும், அவர் போன பின் வந்த நாட்களையும் அந்த அம்மாள் தாங்கினார். தம் எஞ்சிய காலத்தை வடக்கன்குளத்தில் கழித்து அங்கேயே மறைந்தார். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் பங்கிலும் உண்டு. ஆகவே, ஜூபிலித் திருயாத்திரையாகக் கோட்டாறு செல்லும் நம் பேருந்து வடக்கன்குளத்திலும் நிற்கும். முன்வரிசை இருக்கைகளை அந்த வீட்டுத் தாய்மார்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம்.