மன்னார் முத்தும் பேராசிரியர் ஹேர்ட்மனும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசும்போது, கீழக்கரை முஸ்லிம்களையும் பரதவரையும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுச் சுழியோடிகளையும் நாம் நினைவுகூருகின்றோம். சிப்பிகள் ஏன் திடீர் திடீரென மறைந்துபோகின்றன என்று ஆராய வந்த வில்லியம் அபொட் ஹேர்ட்மனையோ ஏறத்தாழ மறந்துவிட்டோம்.

1858ஆம் ஆண்டு எடின்பரோவில் பிறந்த ஹேர்ட்மன், 'சலெஞ்சர்' கப்பலின் உலகக் கடற்பயணத்தை வழிநடத்திய வைவில் தொம்சனின் மாணவர். 1881இல், 23 வயதிலேயே, லிவர்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானார்.

1891க்குப் பின்னர் மன்னாரில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. வருமானம் இழந்த ஆங்கில அரசு ஹேர்ட்மனை நாடியது. 1902 ஜனவரியில் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலுடன் அவர் இலங்கை வந்தார். 'லேடி ஹவ்லொக்' என்ற கப்பலில் பார்களைச் சுற்றி ஆராய்ந்தார். ஆழ்கடலின் விளிம்பில் உள்ள பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் மீண்டும் மீண்டும் கோடிக்கணக்கில் குடியேறியும், ஒரு தடவையேனும் முதிர்ந்து பயன் தரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளும், கிளாத்தி, திருக்கை போன்ற மீன்களும் அவற்றை அழித்தன. அக்குஞ்சுகளைச் சேவல் பார் முதலிய பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டுமென்பது அவருடைய முக்கிய பரிந்துரைகளுள் ஒன்று.

முத்துச்சிப்பி வேட்டையாடும் உயிரன்று. நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்டே அது வாழ்கின்றது. டயாட்டம் போன்ற அப்பாசிகள் சூரிய ஒளியைப் பிடித்து, காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து உணவாக்கி, எண்ணெய்த் துளிகளாகவும் சேமிக்கின்றன. உலகின் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய பாதி இத்தகைய கண்ணுக்குத் தெரியாத கடற்பயிரினால் நடைபெறுகின்றது. ஆயினும் உண்ணப்படும் ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பத்திலொரு பங்களவே அடுத்த உயிரின் உடலாகின்றது. பாசியிலிருந்து சிப்பிக்கும், சிப்பியிலிருந்து திருக்கைக்கும் செல்லும் இக்கணக்கில் மனிதன் அள்ளிக்கொள்ளும் பங்கும் அடங்கும்.

அள்ளியதோ கொஞ்சமன்று. 1903இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905இல் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மயங்கிய அரசு, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை, கம்பனியும் நொடித்தது. இயற்கையின் காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கடலைக் கருவூலமாகவே கருதிய அரசின் பேராசையை நாம் மன்னிப்பதற்கில்லை.

ஹேர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. புழுவின் குடம்பியைச் சுற்றியே சிறந்த முத்துகள் உருவாகின்றன என்ற அவருடைய கொள்கை பிற்கால ஆய்வுகளில் நிலைக்கவில்லை. அக்காலத்துச் செய்தித்தாள்கள் கொண்டாடியது என்னவோ அதைத்தான்!

1907 முதல் 1920 வரை, மான் தீவின் போர்ட் எரினில், அன்ட்ரூ ஸ்கொட்டுடன் இணைந்து மிதவையுயிர்களை ஆராய்ந்தார். வசந்தகாலத்து ஒளி பெருகும்போது டயாட்டங்கள் பல்கிப் பெருகுவதையும் பின்னர் வீழ்வதையும் ஆண்டுதோறும் பதிவுசெய்த அவ்வாய்வே அவருடைய பெரும்பணி என்பது நமது கருத்து.

1916இல் சொம் போர்க்களத்தில் மகனை இழந்தார். 1919இல் லிவர்பூலில் கடலியலுக்கெனப் பேராசிரியர் பதவியொன்றை நிறுவினார். சேர் பட்டம் பெற்ற 1922ஆம் ஆண்டிலேயே மனைவியும் மறைந்தார். 1924 ஜூலையில் ஹேர்ட்மன் காலமானார். மன்னார்ப் பார்களில் சிப்பிகள் மீண்டும் முதிர்ந்து, 1925இல் முத்துக்குளிப்பு நடைபெற்றபோது அவர் உயிரோடில்லை.