பாண்டிபஜார் 'பாண்டி' யார்? பட்டிவீரன்பட்டிக்காரர் பெயர் சுருங்கிய கதை

சென்னை தி.நகர் பனகல் பூங்காவில் இருந்து அண்ணாசாலை பக்கம் போகும் ரோட்டுக்கு தியாகராயா சாலை என்று பெயர். ஆனால் ஆட்டோவில் ஏறி அப்படி சொன்னால் டிரைவர் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பாண்டிபஜார்னு சொன்னாத்தான் வண்டி கிளம்பும்.

பாண்டி என்றதும் பாண்டிச்சேரி ஞாபகம் வருவது சகஜம். அந்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே கடைகள் கட்டியதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பரவலாக ஏற்கப்பட்ட கதை வேறு. அந்த பாண்டி, நீதிக்கட்சி பிரமுகர் டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியன் நாடார்.

இப்போதைய திண்டுக்கல் மாவட்டம் பட்டிவீரன்பட்டியில் 1893-ல் பிறந்தவர். காபித் தோட்டம், வியாபாரம் என்று வசதியான குடும்பம். காசு இருந்தும் மரியாதை இல்லாத காலம் அது. 1897-ல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தது பெரிய வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. வழக்கு தொடங்கியபோது சவுந்தரபாண்டியன் சின்னப் பையன். தீர்ப்பு வந்தபோது விவரம் தெரிந்த வாலிபர்.

அந்த கமுதி இருக்கும் ராமநாதபுரம் ஜில்லாவுக்கே 1928-ல் அவர் ஜில்லா போர்டு தலைவர் ஆனார். நாற்காலி கிடைத்ததும் அவர் கை வைத்தது பஸ் முதலாளிகள் மீது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பஸ்களுக்கு, ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். தன் சாதிக்கு நடந்த அவமானம் இன்னொருத்தருக்கு நடக்கும்போது வேடிக்கை பார்க்காத மனுஷர். சட்டசபையில் இருந்தவர், நாடார் மகாஜன சங்கத்தில் முக்கியப் புள்ளி என்பதெல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு உத்தரவு போதும் அவரை எடைபோட.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெரியார் கூட்டிய அந்த மாநாட்டுக்கு தலைமை இவர்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும், பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாக சொத்துரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 35.

1920-களில் மாம்பலம் ஏரிப் பக்கம் தி.நகர் உருவானபோது ஆட்சி நீதிக்கட்சி கையில். ஊர் பெயரே அந்தக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர். பூங்காவுக்கு பனகல் ராஜா, இன்னொரு ரோட்டுக்கு உஸ்மான், வேறொரு ரோட்டுக்கு டாக்டர் நாயர். கட்சி உறுப்பினர் பட்டியலையே வரைபடத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அந்த வரிசையில் கடைவீதிக்கு கிடைத்தது சவுந்தரபாண்டியன் பெயர். அவ்வளவு நீளப் பெயரை கடைக்கு வருகிறவர்கள் எப்படி சொல்வார்கள்? தலையையும் வாலையும் வெட்டி பாண்டி ஆக்கிவிட்டார்கள். 1953-ல் அவர் காலமானார்.

1970-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களில் இருந்த சாதிப் பட்டங்களை எடுக்க உத்தரவு வந்தது. தமிழகத்தில் எத்தனையோ போர்டுகளில் தார் பூசினார்கள். செங்கல்பட்டில் அரை நூற்றாண்டு முன்பு அவர் தலைமையில் போட்ட தீர்மானத்தை அரசாங்கம் தெரு போர்டில் அமல்படுத்தியது. கடைவீதிக்கு சவுந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயரும் உண்டு. வாயில் அது ஏறவில்லை.

2013-ல் பிளாட்பார கடைகளை தனி கட்டிடத்துக்கு மாற்றினார்கள். 2019 நவம்பரில் அகல நடைபாதையோடு ரோடே புது உருவம் எடுத்தது. அதையும் ஜனங்கள் பாண்டிபஜார் நடைபாதைன்னுதான் சொல்றாங்க.