கணித மேதை வாழ்ந்த மனை

திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் கடந்து கிழக்கே செல்லும் காவிரி, பல கிளைகளாகப் பிரிந்து சோழ நாட்டை வளப்படுத்துகின்றது. அவ்வாற்றின் கரையில் அமைந்த பழம்பதிகளுள் கும்பகோணமும் ஒன்று. அந்நகரில் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஓடு வேய்ந்த சிறிய வீடு ஒன்று உள்ளது. மாளிகைக்குரிய சிறப்பு எதுவும் அதற்கில்லை. எனினும், அறிஞர் பலர் அதனைத் தேடி வந்து கண்டு செல்கின்றனர். கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த இல்லம் அதுவே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். திருவரங்கத்தில் வாழ்ந்து வைணவம் வளர்த்த இராமானுசரின் பெயரையே பெற்றோர் தம் மகனுக்குச் சூட்டினர். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். வருவாய் மிகக் குறைவு. அன்னை கோமளத்தம்மாள் கோயிலில் பாடியும், கல்லூரி மாணவர் சிலருக்கு வீட்டில் இடமும் உணவும் அளித்தும் குடும்பச் செலவை ஈடு செய்தார். திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி முதலிய ஊர்களிலிருந்து வந்து தங்கிய அம்மாணவர்கள், தாம் அறிந்த கணக்குகளைச் சிறுவனுக்குக் கற்பித்தனர். விரைவிலேயே அவர்கள் அறிந்தவை அனைத்தையும் அவர் கற்றுத் தீர்த்தார். வறுமை அவ்வீட்டிற்குள் அழைத்து வந்த விருந்தினரே அவருக்கு ஆசிரியராயினர்.

வீட்டுத் திண்ணையே இராமானுஜனுக்குக் கல்விச் சாலையாயிற்று. தாள் வாங்கப் பொருளில்லாமையால் அவர் கற்பலகையில் கணக்கிடுவார். எழுதியதை முழங்கையால் துடைத்துவிட்டு மேலும் எழுதுவார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். வழிமுறை இன்றி முடிவுகள் மட்டும் நிறைந்த அக்குறிப்பேடுகள் பிற்காலத்து அறிஞர்களைப் பல்லாண்டுகள் உழைக்கச் செய்தன.

கணிதத்தில் மூழ்கிய அவர் பிற பாடங்களைப் புறக்கணித்தார். அதனால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், தேர்விலும் தோல்வியுற்றார். 1909ஆம் ஆண்டு, அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இராசேந்திரம் என்னும் சிற்றூரினரான சானகியை மணந்தார். வேலை தேடிச் சென்னை சென்ற அவர், 1912இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

1913ஆம் ஆண்டு சனவரியில், தாம் கண்ட முடிவுகளைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதியனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த பேராசிரியர் அவரை அழைத்தார். 1914இல் கப்பலேறிய இராமானுஜன், நான்காண்டுகளில் அரச கழகத்தின் உறுப்பினராகும் பெருமை பெற்றார். ஆயினும் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர் உடலை நலியச் செய்தன. 1919இல் தாயகம் திரும்பிக் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கினார். நோயுற்ற நிலையிலும் கணக்கிடுவதை அவர் நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அவர் இறுதியாக எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். அரிய செல்வமும் பேணுவாரின்றிக் கிடந்தால் மறைந்துபோகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கும்பகோணத்து இல்லத்திற்கும் அத்தகைய நிலை நேர்ந்திருக்கக்கூடும். பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் புதிய மாடிகள் எழுவதை எங்கும் காண்கிறோம். ஆனால் 2003ஆம் ஆண்டில் சாஸ்திரா பல்கலைக்கழகம் அவ்வீட்டை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டது. பெரிய மண்டபம் எழுப்பி வீட்டின் எளிமையை மறைக்காமல், திண்ணையும் தெருவை நோக்கிய சன்னலும் சிறு அறையும் பழைய தோற்றத்திலேயே காக்கப்பட்டன. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டிற்கு அர்ப்பணித்தார்.

அவ்வீட்டைப் பொன்னால் புதுக்கியிருந்தால் அதன் பொருள் கெட்டிருக்கும். எளிய திண்ணையில் அமர்ந்த ஏழைச் சிறுவன் உலகறிந்த மேதையானான் என்னும் உண்மையை, அத்திண்ணையே காண்பவர்க்குக் கூறுகின்றது. நம் ஊரிலும் சான்றோர் வாழ்ந்த இல்லங்கள் இருக்கலாம். அவர்கள் எழுதிய ஏடுகள் பரண்களில் உறங்கலாம். அவற்றைத் தேடிக் காத்தல் நம் கடமையாகும்.