மனைவிக்காக கம்பெனியை விற்றார்... படகில் ஊர் சுற்றினார்! - அவுட்போர்டு இன்ஜின் தந்த ஓலே எவின்ரூட்

பழவேற்காடு கரையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்க. ஏரியிலிருந்து திரும்பி வர்ற படகு கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அதோட சத்தம் வந்துடும். சில ஃபைபர் போட்ல நீளத் தண்டு வெச்ச டீசல் இன்ஜின் இருக்கும். மீனவர்கள் அதை லாங் டெயில்னு சொல்வாங்க. சிலதுல பின்பலகையில் மாட்டித் தொங்கவிட்ட அவுட்போர்டு இருக்கும். வேலை முடிஞ்சதும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தோளில் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிச்சுட்டு லீவு நாளில் பழவேற்காடு வர்ற பலரும் அந்த இன்ஜின் பக்கத்தில் நின்னு ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீங்க.

தூக்கிட்டுப் போகக்கூடிய அந்த இன்ஜினை உலகம் முழுக்கப் பரப்பியவர் பெரிய பட்டம் எதுவும் வாங்கியவர் இல்லை. கிட்டத்தட்ட உங்களை மாதிரியே பட்டறையில் வேலை பார்த்த ஆள். பேர் ஓலே எவின்ரூட். ஐஸ்க்ரீம் உருகினதால் படகு இன்ஜின் பிறந்ததுன்னு இவரைப் பற்றி ஒரு கதை இன்டர்நெட்டில் சுத்தும். அது ஜாலியான கதைதான். ஆனா, அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விஷயம் அதுக்கு அப்புறம் நடந்தது.

ஓலே பிறந்தது நார்வேயில், 1877-ல். அவருக்கு 5 வயசு இருக்கும்போது குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊர். பக்கத்திலேயே ரிப்ளி ஏரி. அப்பாவுக்கு விவசாயம். பள்ளிக்கூடம் ஓலேவுக்கு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கிட்டத்தட்ட 10 வயசிலேயே வயல் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் கண்ணெல்லாம் ஏரி மேலேயே இருந்தது.

டீன் ஏஜில் தானே ஒரு பாய்மரப் படகு கட்டினார். விவசாயி மகனுக்குப் படகு எதுக்குன்னு அப்பா அதை உடைத்து விறகாக்கிவிட்டார் என்றும், ஓலே சத்தமில்லாமல் இன்னொன்று கட்டினார் என்றும் சொல்வார்கள். ஏரிக்கு வந்த சுற்றுலாக்காரர்களை அந்தப் படகில் காசு வாங்கி ஏற்றிச் சென்றார். அதைப் பார்த்த பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். நம்ம வீடுகளில் நடக்காததா என்ன! பையன் பண்ற வேலைக்கு வருமானம் வர ஆரம்பிச்சா அதுக்குத் தனி மரியாதை வந்துடும்.

16 வயதில் மேடிசன் நகரத்துக்குப் போய், விவசாய இயந்திரங்கள் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அப்புறம் பிட்ஸ்பர்க், சிகாகோ எனப் பல ஊர்களில் இரும்பு வேலை, மெஷின் ஷாப் வேலை. 1900 வாக்கில் மில்வாக்கிக்கு வந்தபோது அவர் தேர்ந்த பேட்டர்ன் மேக்கர். அதாவது, உலோகத்தை உருக்கி வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செதுக்கித் தருபவர். கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரிகளில் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேட்டர்ன் ஒரு நூல் தப்பினால் வார்ப்பு மொத்தமும் ஸ்கிராப்தான்.

பகலில் சம்பள வேலை, ராத்திரியில் சொந்த இன்ஜின் ஆராய்ச்சி. கூட்டாளி சேர்த்துத் தொடங்கிய தொழில்கள் ஒன்றிரண்டு படுத்தன. அந்தச் சமயத்தில் அக்கம்பக்கத்தில் இருந்த பெஸ் கேரி என்ற பெண் வணிகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். ஓலேவின் கடைக்குக் கடிதம் எழுதித் தருவது, கணக்குப் பார்ப்பது எனத் தொடங்கிய பழக்கம் காதலாகி, 1906-ல் கல்யாணம். அடுத்த வருடமே மகன் ரால்ஃப் பிறந்தான்.

ஐஸ்க்ரீம் கதை அந்தக் காலகட்டத்தில் நடந்ததுதான். ஒகாச்சி ஏரியில் இருக்கும் ஒரு தீவுக்கு நண்பர்களோடு பிக்னிக். நல்ல வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்க்ரீம் சாப்பிட ஆசை. ஓலே சுமார் 4 கிலோமீட்டர் துடுப்பு போட்டுக் கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினால், கையில் இருந்தது இனிப்புத் தண்ணீர்! தோள் வலியோடு வந்தவருக்கு, துடுப்பு இருக்கும் இடத்தில் ஏன் ஒரு சின்ன இன்ஜின் இருக்கக்கூடாது என்று தோன்றியதாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவுட்போர்டை முதன்முதலில் யோசித்தவர் ஓலே இல்லை. டெட்ராய்ட் பக்கம் கேமரூன் வாட்டர்மேன் என்பவர் சில வருடங்களுக்கு முன்பே அப்படி ஒன்றைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். ஓலே அதை சாதாரண ஆள் நம்பி வாங்கும் பொருளாக மாற்றினார். ஒற்றை சிலிண்டரைப் படுக்கவைத்து, கிராங்க் ஷாஃப்ட்டை நிமிர்த்தி, மேலே ஒரு ஃப்ளைவீல். அதில் இருக்கும் கைப்பிடிக் குமிழைப் பிடித்துச் சுற்றினால் ஸ்டார்ட் ஆகும். கீழே தண்ணீருக்குள் பெவல் கியர், அது சுழற்சியைத் திருப்பி ஃபேனுக்குக் கொடுக்கும். இன்றைய அவுட்போர்டைப் பிரித்துப் பார்த்தாலும் அந்த நின்ற தண்டும் கீழே இருக்கும் கியரும் அப்படியேதான் இருக்கு.

முதல் மாடலைப் பார்த்த பெஸ், இது காபிக் கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கு என்று கிண்டலடித்தாராம். ஆனால் அதை ஒரு நண்பர் கடன் வாங்கி ஏரிக்கு எடுத்துச் சென்றபோது, திரும்பி வரும்போது கையில் 10 ஆர்டரும் ரொக்கமும் இருந்தது. 1909-ல் விற்பனை தொடங்கியது. ஒன்றரை குதிரைத்திறன், சுமார் 28 கிலோ எடை, விலை 62 டாலர்.

விற்றது யார் தெரியுமா? பெஸ். துடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லும் அந்தப் பிரபல விளம்பரத்தை எழுதியது அவர்தான். வெளிநாட்டு ஏற்றுமதியாளர்களுக்குக் கடிதம் போட்டார். நியூயார்க்கில் இருந்த ஒரு ஏற்றுமதியாளர் ஸ்காண்டிநேவிய மீனவர்களுக்காக ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார். ஓலே பிறந்த ஊர்ப் பக்கமே அவர் செய்த இன்ஜின் போனது. முதலீட்டுக்கு கிறிஸ் மேயர் என்ற இழுவைப் படகு உரிமையாளர் பங்குதாரராக வந்தார். இன்றைய மொழியில் சொன்னால் ஓலே டெக், பெஸ் மார்க்கெட்டிங், அக்கவுன்ட்ஸ், கஸ்டமர் கேர் எல்லாம். போதாததற்குக் கையில் குழந்தை.

உடம்பு எவ்வளவுதான் தாங்கும்? பெஸ் படுத்துவிட்டார்.

1914-ல் ஓலே எடுத்த முடிவை இன்றைக்கு எந்த ஸ்டார்ட்-அப் நிறுவனரும் எடுப்பாரா என்று எனக்கு சந்தேகம்தான். கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தன் பங்கு மொத்தத்தையும் மேயரிடம் விற்றுவிட்டார். அதோடு 5 வருடத்துக்கு அவுட்போர்டு தொழில் பக்கமே வரமாட்டேன் என்றும் ஒப்பந்தம். எவின்ரூட் என்ற பெயரும் கம்பெனியோடு போய்விட்டது. இனி அவர் பெயர் பொறித்த இன்ஜின் சந்தையில் விற்கும். அதற்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது. 37 வயதில், வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய விஷயத்தை மனைவியின் ஆரோக்கியத்துக்காக விட்டுக்கொடுத்தார்.

பெஸ்ஸையும் குட்டிப் பையன் ரால்ஃபையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் காரில். அப்புறம், சும்மா இருப்பாரா, கேபின் வைத்த ஒரு படகு கட்டினார். அதற்கு மனைவியின் முழுப் பெயரையே வைத்தார்: பெஸ் எமிலி. அமெரிக்காவின் பெரிய ஏரிகளிலும், தெற்கே மிசிசிப்பி ஆற்றின் வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரையிலும் அந்தக் குடும்பம் படகிலேயே சுற்றியது. ரால்ஃபுக்கு 7 வயதிலிருந்து 12, 13 வயது வரை. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை வேலைன்னு ஓடாமல் கூடவே இருந்த வருடங்கள்.

படகில் குடும்பத்தோடு போவது போட்டோவில் பார்க்கிற மாதிரி சொகுசு மட்டும் இல்லை. நம்ம பகுதிக்காரர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து குடும்பமாக வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. எங்கேயாவது அனுமதி உள்ள இடத்தில் ஏறினாலும், லைஃப் ஜாக்கெட் கொடுக்காத படகில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகில் ஏறாதீங்க. இதை எழுதாமல் மேலே போக மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம், தண்ணீர் நடுவில் இன்ஜின் நின்றால் ஓரமாக நிறுத்தி மெக்கானிக்குக்கு போன் பண்ண முடியாது. படகு வைத்திருப்பவர்தான் மெக்கானிக். பிளக்கில் கரி படிந்திருக்கா, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கா, குளிர்விக்கும் தண்ணீர் ஒழுங்காக வெளியே வருதா என்று எல்லாத்தையும் அவரேதான் பார்க்கணும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். கடலுக்குப் போய் வந்த அவுட்போர்டை நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டாமல் விட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பாதை உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடிக்கும். ரொம்ப நாள் ஓட்டப் போவதில்லை என்றால் கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பிசுபிசுவென்று காய்ந்து துளையை அடைக்கும். ரொம்ப நாள் வீட்டிலேயே நிறுத்தி வைத்த பைக் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணுவதற்கும் பல நேரம் இதே காரணம்தான்.

ஓலே பட்டறைக்காரராக இருந்து இன்ஜின் செய்தவர். இந்த வருடங்களில் அவர் இன்ஜினை உபயோகிக்கிற ஆளாக, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற ஆளாக வாழ்ந்தார். அவர் அடுத்து செய்த இன்ஜினைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிகிறது என்பது என் எண்ணம். பழைய இன்ஜின் இரும்பும் பித்தளையும் சேர்ந்த கனமான சாமான். ஒற்றை சிலிண்டர் என்பதால் படகையே உதற வைக்கும். புதியதில் பெரும்பகுதி அலுமினியம். எதிரெதிராக 2 சிலிண்டர்கள், ரெண்டும் ஒரே நேரத்தில் வெடிப்பதால் உதறல் குறைவு. புகை ஃபேனின் நடுவழியாகத் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காது தப்பிக்கும். எடை சுமார் 22 கிலோதான், சக்தியோ பழையதைப் போல 2 மடங்கு, 3 குதிரைத்திறன்.

5 வருடக் கெடு முடிந்ததும், இந்த டிசைனை முதலில் பழைய பங்குதாரர் மேயரிடமே கொண்டுபோனார். மேயர் வேண்டாம் என்றுவிட்டார். அவரிடம்தான் எவின்ரூட் என்ற பிராண்டே இருந்ததே! சரி, சொந்தமாகவே பண்ணுவோம் என்றால் சொந்தப் பெயரைப் போட முடியாது. எவின்ரூட்டின் எடை குறைந்த இரட்டை சிலிண்டர் அவுட்போர்டு என்று ஆங்கிலத்தில் சொல்லி, முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்து எல்டோ என்று பெயர் வைத்தார்கள். 1920-ல் எல்டோ கம்பெனி பிறந்தது. உடம்பு தேறியிருந்த பெஸ் மறுபடி ஆபீஸ் மேஜைக்கு வந்தார்.

1920-கள் முழுக்கப் போட்டிதான். ஒரு பக்கம் ஜான்சன் சகோதரர்கள், இன்னொரு பக்கம் தன் பெயரையே தாங்கிய பழைய கம்பெனி. ரால்ஃப் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவோடு சேர்ந்தார். படகிலேயே வளர்ந்த பையன் வேறு எங்கே போவான்? 1929-ல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் ஆகிய 3 கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. தலைவர் ஓலே. 15 வருடம் கழித்து அவர் பெயர் அவரிடமே திரும்பி வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. அதே வருடம் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, பெரும் மந்தம் தொடங்கியது. சோத்துக்கே கஷ்டப்படும் காலத்தில் உல்லாசப் படகுக்கு இன்ஜின் யார் வாங்குவாங்க? அந்த வருடங்களைத் தாண்டுவதற்குள் கம்பெனி தள்ளாடிப் போனது.

பெஸ் அதற்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1933-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஓலே அதிக நாள் இருக்கவில்லை. 1934 ஜூலையில், 57 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கம்பெனி பொறுப்பு ரால்ஃபின் கைக்கு வந்தது. 2 வருடத்தில் ஜான்சன் கம்பெனியும் இதோடு இணைந்தது. ஓலேவோடு போட்டி போட்டவர்களின் இன்ஜினும் ஓலேவின் இன்ஜினும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. கை மாறி மாறி, கடைசியாக கனடாவின் பி.ஆர்.பி நிறுவனத்திடம் இருந்த எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பு 2020 மே மாதம், கொரோனா நேரத்தில் நிறுத்தப்பட்டது. பழைய எல்டோ இன்ஜின்களை மட்டும் அமெரிக்காவில் சிலர் தேடிப் பிடித்து, துரு எடுத்து, பிளக் மாற்றி, இன்னமும் ஏரியில் இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.