உப்பு வரியைக் கணக்குக் காட்டிக் குறைக்க வைத்த கோகலே

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டி, வெயிலில் காய்ந்து உப்பு வாருவோருக்கு இன்று பெரிய கவலை விலைதான். 120 ஆண்டுகளுக்கு முன்பு கவலை வேறாக இருந்தது. அன்று உப்பை விளைவிக்க ஆகும் செலவைவிட, அதன் மீது வெள்ளையர் அரசு போட்ட வரி பல மடங்கு அதிகம். அனுமதி இல்லாமல் உப்பு காய்ச்சுவது குற்றம். கடலோரத்தில் தானாகப் படிந்த உப்பை வீட்டுக்கு அள்ளிச் சென்றாலும் குற்றம்தான்.

1888-ல் இந்த வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது நம் பக்கத்துச் சிறிய மணங்கு அல்ல, சுமார் 37 கிலோ கொண்ட பெரிய மணங்கு. கணக்குப் போட்டால் கிலோவுக்கு ஓரணாவுக்குச் சற்று மேல் வரும். ஏழையும் பணக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் உண்கிறார்கள். அதனால் கூலிக்காரர் வீட்டைத்தான் இந்த வரி அதிகம் வாட்டியது. மாட்டுக்கு வைக்கும் உப்பும் இதற்குத் தப்பவில்லை.

இந்த வரியைச் சட்டசபையில் ஆண்டுதோறும் எதிர்த்துப் பேசியவர் கோபால கிருஷ்ண கோகலே.

கணக்கு வாத்தியார்

1866 மே 9-ல் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில், கோட்லுக் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பட்டம் பெற்றபின் புனேயில் ஆசிரியரானார். நீதிபதி ரானடேயிடம் அரசு அறிக்கைகளைப் படித்து, எண்களைச் சரிபார்த்து, அதன்பின் வாய் திறக்கும் பழக்கத்தைக் கற்றார். 1897-ல் லண்டன் சென்று, இந்தியாவின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் சாட்சியம் அளித்தார்.

பம்பாய் சட்டசபையில் உறுப்பினராக இருந்தபோது, 1901-ல் நிலவரிச் சட்டத் திருத்த மசோதா வந்தது. தீர்வை பாக்கிக்காகப் பறிமுதல் செய்த நிலத்தை, விற்கவோ அடகு வைக்கவோ உரிமை இல்லாமல் அரசு குத்தகைக்கு விட அது வழி செய்தது. சொந்த நிலக்காரரை அரசின் குத்தகைதாரராக மாற்றும் சட்டம் இது என்று உறுப்பினர்கள் எதிர்த்தனர். மக்களின் கருத்தைக் கேட்கும் வரை மசோதாவை நிறுத்தி வைக்கக் கோரிய தீர்மானம் தோற்றது. பெரோஸ்ஷா மேத்தாவுடன் கோகலேவும் சபையை விட்டு வெளியேறினார்.

வாக்குரிமை இல்லாத விவாதம்

அதன்பின் வைஸ்ராயின் சட்டசபைக்குச் சென்றார். 1892 சட்டப்படி, அங்கே உறுப்பினர்கள் பட்ஜெட் மீது பேசலாம், வாக்களிக்க முடியாது. தீர்மானம் கொண்டுவர முடியாது. கேள்வி கேட்கலாம், பதிலின் மேல் துணைக்கேள்வி கேட்க முடியாது. ஒரு ரூபாயைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாத சபை அது.

1902 மார்ச்சில் அங்கே தம் முதல் பட்ஜெட் உரையை நிகழ்த்தினார். அரசு தன் கையில் உபரி இருப்பதைப் பெருமையாகச் சொன்னது. கடும் பஞ்சங்களில் மக்கள் மடிந்த நாட்டில் கருவூலம் நிரம்புவது எப்படி என்று கோகலே ஆராய்ந்தார். ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தியதும், பஞ்சத்திலும் வரியைக் குறைக்காததுமே உபரிக்குக் காரணம் என்று எண்களால் காட்டினார். உப்பு வரி உயர்ந்தபின் மக்கள் உப்பு வாங்குவதே குறைந்துவிட்டது என்பதை அரசின் புள்ளிவிவரத்தைக் கொண்டே எடுத்து வைத்தார். உப்பு வரியையும் நிலத்தீர்வையையும் குறையுங்கள், ராணுவத்துக்கும் ரயிலுக்கும் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்கும் பள்ளிக்கும் திருப்புங்கள் என்பது அவர் ஆண்டுதோறும் வைத்த வாதம்.

1903-ல் உப்பு வரி 2 ரூபாயானது. 1905-ல் 1.50 ரூபாய், 1907-ல் 1 ரூபாய். கிலோவுக்கு அரையணாவுக்கும் கீழே வந்துவிட்டது. இது அவர் ஒருவரின் சாதனை அல்ல. காங்கிரசும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது. ஆனால் அரசால் தள்ள முடியாத கணக்கை சபைக்குள் வைத்தவர் அவரே.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்க மசோதா வந்தபோது அதை வரவேற்றார். பழைய கந்துவட்டிக் கடனைத் தீர்க்க வழி செய்யாவிட்டால், கடனில் மூழ்கிய உழவருக்குச் சங்கத்தால் பெரிய பயன் இராது என்றும் எச்சரித்தார்.

தீர்மானம் என்ற ஆயுதம்

1909 சீர்திருத்தத்துக்குப் பிறகு தீர்மானம் கொண்டுவரும் உரிமை கிடைத்தது. 1910 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தமிழ் உழவுக் கூலிகள் ஏராளம். அரசு அதை ஏற்றது. 1911 ஜூலை முதல் ஆள் அனுப்புவது நின்றது.

எல்லாம் வெற்றி பெறவில்லை. அவருடைய தொடக்கக் கல்வி மசோதா 1912-ல் 13-க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. 1915 பிப்ரவரி 19-ல், 48 வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே உப்பு வரி 1.25 ரூபாயாக உயர்ந்தது. 1923-ல் சபை மறுத்தும், வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் அதை இரட்டிப்பாக்கினார். கோகலேயைத் தம் அரசியல் குருவாகக் கொண்ட காந்தி 1930-ல் தண்டியிலும், ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பு அள்ளியது அதன் பிறகுதான். 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்தது.

இன்று தமிழகத்தில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. கிராமசபையில் வரவு செலவு படிக்கப்படுகிறது. குறைதீர் நாள் கூட்டமும் உண்டு. அங்கே போகும்போது சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, நம் ஊருக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகலாம். வாக்குரிமை இல்லாத சபையிலேயே கோகலேயின் கணக்குக்கு மதிப்பு இருந்தது. கிராமசபையில் நமக்கு வாக்கும் இருக்கிறது.