வீட்டில் தொடங்கிய நேர்மை

மைசூருக்கு அருகே, காவிரியின் குறுக்கே உயர்ந்து நிற்பது கிருஷ்ணராஜசாகர் அணை. அதனைத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா. முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டு பெங்களூரில் கல்லூரிக் கல்வி கற்றார்.

1912ஆம் ஆண்டு, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவானாக்க விரும்பினார். அரசில் மன்னருக்கு அடுத்த பதவி அது. அப்பதவியில் இருப்பவரிடம் சுற்றத்தார் வேலையும் சலுகையும் எதிர்பார்ப்பது அக்கால இயல்பு. விசுவேசுவரய்யா தம் உறவினர்களை விருந்துக்கு அழைத்தார். தம்மிடம் எவரும் எவ்விதச் சலுகையும் கேட்பதில்லை என உறுதியளித்தால் மட்டுமே பதவியை ஏற்பதாகக் கூறினார். அவர்கள் இசைந்த பின்னரே திவானானார்.

அவர் திவானாக இருந்தபோது, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1955இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. அவர் பிறந்த செப்டம்பர் 15, இந்தியாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாட்டுக்கு நேர்மையைக் கற்பிக்க அவர் ஆணை எதுவும் பிறப்பிக்கவில்லை. முதலில் தமக்கு நெருங்கியவர்களிடமே அதனைத் தொடங்கினார்.